இடது கைக்கு லீவு இல்லை

அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'அரை டிகிரி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டீ கொண்டுவந்து வைத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் அரை டிகிரி சூடா இருந்திருக்கலாம்" என்பாள். தங்கை போனில் காய்ச்சல் என்று முனகினால், "எத்தனை?" என்பதுதான் முதல் கேள்வி. "எப்படி இருக்கே?" என்பது அதற்கப்புறம்தான் வரும், சில நாள் வராமலும் போகும். எண் இல்லாத எதையும் அவள் நம்புவதில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மெல்ல மெல்ல முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை அரை டிகிரி என்பது சின்ன விஷயமில்லை.

அவள் செய்துவந்த கருவிக்கும் அது சின்ன விஷயமில்லைதான். தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமயிரை விட மெல்லிய வாய்க்கால்கள், நடுவே கடுகளவு ஒரு அறை, அடியில் ஒரு ஹீட்டர். மொத்தத்தில், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் அது ஓடிப்போய் மருந்தோடு கலந்து, முப்பத்தேழு டிகிரியில் பொறுமையாகக் காய்ந்து, உடம்பில் தொற்று உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் உளறும். அப்படி உளறவிடாமல் காவல் காப்பதற்குத்தான் சில்லின் ஓரத்தில் ஒரு வெப்ப சென்சார், பிளாட்டினக் கம்பியில் செய்தது. அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அந்தக் கம்பியை அவள் ஆறு வருஷமாக வளர்த்து ஆளாக்கியிருந்தாள். வேறு பிள்ளை குட்டி அவளுக்குக் கிடையாது.

சில்லு நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரே ஒரு சங்கடம், அரை டிகிரி பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் வேலை செய்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் யாராவது ஓட்டிப் பார்த்தால், நல்ல ரத்தத்தை நோய் என்றது. நோயை, "ஒண்ணுமில்லை, போய் வா" என்றது. அவள் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், வாத்தியாரைக் கண்ட வகுப்பு மாதிரி ஒழுங்காகிவிடும்.

"கைராசி" என்று முடிவு கட்டினார் டைரக்டர். வெளிநாட்டில் படித்து இரண்டு பட்டம் வாங்கிய மனிதர். "சிலருக்கு அது உண்டு மேடம். எங்க அத்தை தொட்ட செடி பட்டதே இல்லை."

அரை டிகிரிக்கு வந்ததே கோபம். ஆறு வருஷம் கண் பூத்துப்போகும் வரை செய்த வேலையைத் தூக்கிச் செடி கொடியோடு சேர்த்துவிட்டாரே மனிதர்! கைராசி என்றால் எத்தனை கைராசி, எந்த அலகில் என்று நிரூபித்துக் காட்டுவதற்காகத் தன்னையே கேமராவில் படம் பிடித்து உட்கார்ந்து பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது.

அவளுடைய மேஜைக்கு நேர் மேலே ஏ.சி.யின் வாய். சில்லின் மேல் குளிர்காற்று அடிக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், வேலை செய்யும்போது இடது உள்ளங்கையைச் சில்லின் ஓரமாகக் குவித்து அணைத்துக்கொள்வாள், காற்றில் விளக்கை அணைத்துக்கொள்கிற மாதிரி. வலது கை ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருக்கும். இடது கை அங்கே இருந்தது அவளுக்கே தெரியாது. சென்சாருக்கு, 'இதுதான் முப்பத்தேழு' என்று பாடம் சொல்லிக்கொடுத்த நாட்களிலும் அந்தக் கை அங்கேயே இருந்திருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சென்சார், உள்ளங்கையின் சூட்டையும் சேர்த்தே பாடம் படித்துவிட்டது. கை இல்லாவிட்டால் அதற்குக் குளிர்கிறது. குளிர்கிறது என்று சொல்லி ஹீட்டரை ஏற்றிவிடுகிறது. நடுவில் இருக்கும் ரத்தம் அரை டிகிரி அதிகமாகக் காய்ந்து உளறுகிறது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கின ஆனை, சறுக்கினேன் என்று மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்வதில்லை. அவள் சொன்னாள். காது மடல் சிவக்க, படத்தைப் போட்டுக் காட்டி, "தப்பு என்னோடதுதான் சார். கையை எடுத்துட்டு மறுபடி முதல்லேருந்து பாடம் சொல்லிக்கொடுத்தா சரியாயிடும். மூணு வாரம் போதும்" என்றாள்.

டைரக்டர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லைப் பிடுங்க வேண்டுமானால் பல் டாக்டர்தான் வர வேண்டும். அடுத்தவர் சொன்னாலும் அவருக்குப் பல் கூசும். "மேடம், பிழை பூஜ்யம்னு எழுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அனுப்பியாச்சு. அடுத்த மாசம் ஆய்வாளர் அம்மா வர்றாங்க. இப்போ போய்ப் பாடம், பள்ளிக்கூடம்னா எப்படி?" என்றார். கொஞ்ச நேரம் மேலே ஏ.சி.யைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "கருவி சரியாத்தானே வேலை செய்யுது? கை இருந்தா?"

"கை இருந்தா செய்யுது."

"அப்போ கையும் கருவியில ஒரு பாகம். அவ்வளவுதானே?"

முதலில் மாற்றுக் கை தேடினார்கள். ரப்பர் கையுறையில் வெந்நீர் ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். சுண்டுவிரலில் ஓட்டை, மேஜை முழுக்க வெள்ளம். அப்போதுதான் சுட்ட பன் ஒன்றை வாங்கி வைத்தார்கள். முதல் அரை மணி நேரம் அபாரமாக வேலை செய்தது, பிறகு ஆறிவிட்டது, அதற்கும் பிறகு கணக்காளர் தின்றுவிட்டார். டைரக்டர் தன் கையை வைத்துப் பார்த்தார். வியர்த்துக் கொட்டி, சில்லு நீச்சலடித்தது. எச்.ஆர். அதிகாரியின் கை பனிக்கட்டி. அந்த அம்மாள் எப்பேர்ப்பட்ட கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவள். கை மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டது. ஊரில் உள்ள கையெல்லாம் வந்து போனது. கடைசியில் சென்சார் ஒரே ஒரு கையைத்தான் ஒப்புக்கொண்டது. வளர்த்த பாசம்.

அன்றிலிருந்து அரை டிகிரியின் இடது கைக்குச் சுக்கிரதிசை. அதற்கென்று ஒரு சின்ன மெத்தை வந்தது. வெளியே போகும்போது போட்டுக்கொள்ளக் கம்பளி உறை வந்தது. படம் ஒட்டிய அடையாள அட்டை வந்தது, படத்தில் உள்ளங்கை. வாசலில் வருகை பதியும் இயந்திரத்தில் அவள் வலது கட்டைவிரலை வைத்தால் அவள் வந்ததாகப் பதிந்தது. இடது கட்டைவிரலை வைத்தால் கை வந்ததாகத் தனியாகப் பதிந்தது. சூடான கிளாஸைத் தொடக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்று விதிகள். கோபப்பட்டால் கை சூடேறி, லேப்டாப்பில் சென்சார் காட்டும் கோடு தூக்கிவிடுகிறது. அதனால் அவளிடம் யாரும் எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை என்று ஆனது. "பூமி தட்டைன்னு நினைக்கிறேன்" என்று ஒருநாள் சும்மா சொல்லிப் பார்த்தாள். "ரொம்பச் சரி மேடம்" என்றார் கணக்காளர்.

சிரிப்பாகத்தான் இருந்தது அவளுக்கும், லீவு கேட்கும் வரை.

தங்கைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் புருஷன் எண்ணெய்க் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அக்காவை விட்டால் அவளுக்கு நாதியில்லை. "நீ உள்ளே வந்து என் பக்கத்துல நிக்கணும். வெளியில பெஞ்சில உட்காரக் கூடாது" என்று தங்கை கேட்டபோது, "நிக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டிருந்தாள். பெஞ்சு என்று தங்கை ஏன் சொன்னாள் என்பது இருவருக்கும் தெரியும், ஆனால் பேசிக்கொண்டதில்லை. தங்கை பிறந்தபோது அரை டிகிரிக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் உள்ளே போனார்கள். வீடு திரும்பும்போது குழந்தை மட்டும் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனதை யாரும் அளந்து பார்க்கவில்லை என்று பிறகு யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எத்தனை டிகிரி என்று எழுதி வைத்திருந்தால் அம்மா இருந்திருப்பாள் என்றுதான் அந்த எட்டு வயதுப் பெண் புரிந்துகொண்டாள். வளர்ந்த பிறகும் அந்தப் புரிதலை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

லீவு விண்ணப்பம் போட்ட மறுநாள் எச்.ஆர். அதிகாரி பூரிப்போடு வந்தாள். "வாழ்த்துகள் மேடம்! உங்க லீவு சாங்ஷன் ஆயிடுச்சு."

"நன்றி."

"இடது கைக்குத்தான் ஆகலை."

அரை டிகிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"கை கருவியோட பாகம் இல்லையா? கருவி இங்கேதானே இருக்கணும்? நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க. ஒரு மாசம் கூட எடுத்துக்கோங்க. கை மட்டும் ஒன்பதுக்கு வந்து ஆறுக்குப் போகட்டும்."

"நான் போனா கை எப்படிம்மா இங்க இருக்கும்? கழட்டி வச்சிட்டா போக முடியும்?"

"அது உங்க தனிப்பட்ட விஷயம் மேடம். அதுல நாங்க தலையிட முடியாது" என்றாள் அதிகாரி, வாழ்த்து அட்டை மாதிரி சிரித்துக்கொண்டு.

டைரக்டரிடம் போனாள். அவர் அவளைச் சூடேற்றாமல் பேச வேண்டும் என்ற எச்சரிக்கையோடு, ஒவ்வொரு சொல்லையும் ஊதி ஊதிப் பேசினார். ஆய்வு முடிந்த மறுநாளே கைக்கும் லீவு. அதற்கப்புறம் சாவகாசமாக மூன்று வாரம் எடுத்துக்கொண்டு புதுப் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும், அவர் தடுக்கவே மாட்டார். சான்றிதழ் மட்டும் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் இந்தச் சில்லு போகாத ஆஸ்பத்திரி இருக்காது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள். வராந்தாவும் பெஞ்சும் உள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தன் கம்பி உட்கார்ந்து காய்ச்சலைக் காவல் காப்பதை நினைத்தாள். தேதிகளைப் போட்டுப் பார்த்தாள். டாக்டர் சொன்ன நாள், ஆய்வுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தால் அவளுக்கு எல்லாம் சரி.

"ஒருவேளை முன்னாடியே வந்துட்டா?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"வராது. சராசரி அப்படி."

"குழந்தைக்குச் சராசரி தெரியுமாக்கா?"

குழந்தைக்குத் தெரியவில்லை. ஆய்வு நாளன்று காலை ஆய்வாளர் அம்மா வந்து, நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத, பேசினால் திருப்பிப் பேச முடியாத மாதிரி பேசுகிற, நரைத்த அம்மாள். அரை டிகிரி கம்பளி உறையைக் கழற்றிக் கையை மெத்தையில் வைத்த நேரம் போன் அடித்தது.

"அக்கா, வலி வந்துருச்சு."

"எவ்வளவு இடைவெளியில?"

"அக்கா!"

"சரி சரி, கிளம்பு. நான் வர்றேன்."

எழுந்தாள். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், நீங்க போகலாம், அதுல மாற்றமே இல்லை. கை..."

"கை எங்கூடத்தான் சார் வரும். அது பழக்கம்."

டைரக்டர் ஏ.சி.யைப் பார்த்தார். நல்ல யோசனைகள் அங்கிருந்துதான் விழும் போலிருக்கிறது. "அப்போ கருவியும் கையோட போகட்டும். அம்மா, உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?"

ஆய்வாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பிளக் பாயிண்ட் இருந்தா எனக்கு எந்த இடமும் ஒண்ணுதான்."

கம்பெனி வண்டியில் எல்லோரும் ஏறினார்கள். டைரக்டர் மடியில் சில்லு, எச்.ஆர். அதிகாரி மடியில் மெத்தை, நடுவில் அரை டிகிரி. டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் இரண்டு பேர் அவளுடைய இடது கையைத் தாங்கிப் பிடித்தார்கள். அவளை யாரும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவின் வாசலில் கதவுக்குப் பதில் ஒரு பச்சைத் திரை. அதற்கு வெளியே சுவரோரமாக ஒரு பெஞ்சு. டைரக்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் குடிநீர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிக் கருவியைச் சொருகினார். மருந்துத் தள்ளுவண்டி ஒன்று மேஜையானது. மெத்தை, சில்லு, லேப்டாப், எல்லாம் அடுக்கியாயிற்று. பெஞ்சில் அரை டிகிரியை உட்காரவைத்தார்கள்.

"கூட வந்தது யாரு?" என்று திரையை விலக்கி நர்ஸ் கத்தினாள்.

"நான்தான்" என்று எழப்போனாள். இடது கையை டைரக்டர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் மேடம். வெறும் ஒரு மணி நேரம்" என்று கெஞ்சினார். பிறகு கண்ணில் ஒளி வர, திரையை அளந்து பார்த்தார். "கட்டில் திரைக்குப் பக்கத்துலதான் இருக்கு. உங்க வலது கை ஃப்ரீதானே?"

எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கணக்கு சரியாக இருந்தது, எட்டும் தூரம்தான். ஆறு வருஷம். ஒரு மணி நேரம். அப்புறம் எல்லா ஆஸ்பத்திரியும். வலது கையைத் திரைக்குள் விட்டாள். துழாவினாள். வியர்த்த, பழகிய ஒரு கை வந்து பற்றிக்கொண்டது.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "என்னக்கா இது, கை மட்டும் வந்திருக்கு?"

"மீதி வெளியில இருக்கு."

"மீதி எப்போ வரும்?"

"ஒரு மணி நேரத்துல வந்துரும்."

"எனக்கு முழுசா வேணும்க்கா" என்றாள் தங்கை. அடுத்த வலி வந்து மேற்கொண்டு பேசவிடவில்லை. வலது கை நசுங்கியது.

"இங்க என்ன நடக்குது? பிரசவமா, கண்காட்சியா?" என்று நர்ஸ் டைரக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டும் சிஸ்டர்" என்றார் அவர், பணிவாக.

ஆய்வு தொடங்கியது. முதல் சோதனை சுலபமானது. ஹீட்டரை ஒரே நிலையில் கட்டிப்போட்டு, சென்சார் காட்டும் கோடு முப்பத்தேழில் ஆடாமல் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. "பக்கத்தில் இருப்பது இயற்கை வெப்பக் காப்பு" என்று டைரக்டர் அவளுடைய கையை அறிமுகம் செய்துவைத்தார். ஆய்வாளர் அம்மா கையைப் பார்த்தாள், கையோடு இணைந்திருந்த பெண்ணைப் பார்த்தாள், திரைக்குள் போய் மறைந்த மற்றக் கையைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோடு முப்பத்தேழில் நின்றது. டைரக்டர் மூச்சு விட்டார்.

திரைக்குள் ஒரு அலறல் எழுந்து அடங்கியது. யாரோ வேகமாக நடந்தார்கள். பாத்திரம் ஒன்று உருண்டது. "டாக்டரைக் கூப்பிடு" என்றது ஒரு குரல், தாழ்ந்த குரலில். தாழ்ந்த குரலில் கூப்பிட்டதுதான் அரை டிகிரிக்குப் பிடிக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டாள். அவள் உட்கார்ந்திருந்தது மரப் பெஞ்சு. விளிம்பில் வார்னிஷ் உரிந்திருந்தது. எட்டு வயதில் உட்கார்ந்ததும் இப்படித்தான் உரிந்திருந்தது.

கோடு இறங்கியது.

"மேடம், கையைச் சரியா வைங்க."

"சரியாத்தான் இருக்கு சார்."

கோடு இன்னும் இறங்கியது. படிப்படியாக, மாடியிலிருந்து யாரோ இறங்கி வருகிற மாதிரி. எச்.ஆர். அதிகாரி குனிந்து கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஐஸ்!" என்று கத்தினாள். பனிக்கட்டிக்காரியே ஐஸ் என்றால் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். டைரக்டர் அரை டிகிரியின் விரல்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அதிகாரி உள்ளங்கையில் ஊதினாள். டிரைவரை விட்டு டீ வாங்கிவரச் சொன்னார்கள், குடிக்க அல்ல, கையில் பிடிக்க. விதியாவது மண்ணாவது! "கோபப்படுங்க மேடம், கொஞ்சம் கோபப்படுங்க!" என்று டைரக்டர் மன்றாடினார். "உங்க சம்பளத்தைக் குறைக்கப் போறேன்! உங்க சென்சார் ஒரு குப்பை!"

கோடு அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆய்வாளர் அம்மா எழுந்து வந்தாள். டைரக்டரின் கையை ஒரு தூசியைத் தட்டுவது மாதிரி விலக்கிவிட்டு, தன் கையை அரை டிகிரியின் இடது கை மேல் வைத்தாள்.

"பயமா இருக்கா?"

"இல்லை" என்றாள் அரை டிகிரி. பழக்கத்தில் வந்த பதில். பயத்துக்கு ஏது அலகு?

ஆய்வாளர் அம்மா லேப்டாப்பைக் கண்ணால் காட்டினாள். "உங்க சென்சார் அப்படிச் சொல்லலையே."

அரை டிகிரி திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி இரண்டு. எழுதியே இருந்தது. ஆறு வருஷம் ஊட்டி வளர்த்த பிள்ளை, ஆய்வாளர் முன்னால், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவளைக் காட்டிக்கொடுத்திருந்தது. எண்ணைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, எத்தனை பயம் என்று. பல் கிட்டிப்போயிருந்தது. முப்பது வருஷமாக அந்தப் பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

"அக்கா!" என்றது உள்ளே.

மெத்தையிலிருந்து இடது கையை எடுத்தாள். எழுந்த வேகத்தில் தள்ளுவண்டி உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது. "மேடம்! கை! கை!" என்று டைரக்டர் பின்னாலேயே ஓடிவந்தார். திரை வாசலில் நர்ஸ் குறுக்கே நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நின்றுவிட்டார்.

"மீதியும் வந்துட்டேன்" என்றாள் அரை டிகிரி.

தங்கையின் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த வலியிலும் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, இந்தக் கை மட்டும் இவ்வளவு சில்லுன்னு இருக்கு? கொடு இங்கே" என்று அந்த இடது கையைத் தன் கழுத்தடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அக்காவுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நர்ஸ்கள் முன்னால், டாக்டர் முன்னால், ஒரு எண்ணும் இல்லாமல், கேவிக் கேவி அழுதாள். குழந்தை கொஞ்சம் திரும்பியிருந்ததாம், அதனால்தான் தாழ்ந்த குரலாம். டாக்டர் கையை விட்டு ஏதோ செய்தார். மதிய வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, வந்ததும் வராததுமாக எல்லோரையும் திட்டிக்கொண்டு.

வெளியே வராந்தாவில் ஒரு கூட்டம் தள்ளுவண்டியைச் சுற்றிக் குளிர்காய்கிற மாதிரி நின்றிருந்தது. டைரக்டர், அதிகாரி, டிரைவர், கடைசியில் வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேன், எல்லோரும் சில்லைச் சுற்றி உள்ளங்கை குவித்துப் பார்த்தார்கள். எந்தக் கைக்கும் அது மசியவில்லை. ஆய்வாளர் அம்மா பையை மூடிக்கொண்டு சொன்னாள்: "சென்சார் ரொம்ப நல்ல சென்சார். பொய் சொல்லத் தெரியலை அதுக்கு. நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லவைக்கிறீங்க. கையில்லாம பண்ணிட்டு மறுபடி கூப்பிடுங்க." குடிநீர் இயந்திரத்தின் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள்.

மாலையில் டைரக்டர் வார்டுக்கு வந்தார். பாவம், ஒரே பகலில் அவருக்கும் வயதாகியிருந்தது. தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அரை டிகிரி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் எழுதிவைத்திருந்தாள். அரை டிகிரியும் நாலு தரம் பார்த்துவிட்டிருந்தாள். குழந்தையைப் பார்த்து டைரக்டர் சிரிக்க முயன்றார்.

"நீங்க சொன்னபடியே செஞ்சுடலாம் மேடம். மறுபடி முதல்லேருந்து பாடம் சொல்லிக்கொடுத்துடலாம். மூணு வாரம்னு சொன்னீங்களே..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "த... தப்பு நடந்துருச்சு."

சொல்லிவிட்டார். பல் டாக்டர் தேவைப்படவில்லை.

"சரி சார். வலது கை திங்கட்கிழமை வந்துரும். பாடம் சொல்லிக்கொடுக்க அது ஒண்ணே போதும்."

"இடது கை?"

அரை டிகிரி குனிந்து பார்த்தாள். இடது கையின் ஆள்காட்டி விரலைக் குழந்தை முழுக் கையாலும் இறுகப் பிடித்திருந்தது. எத்தனை இறுக்கம் என்று அவள் அளந்து பார்க்கவில்லை.

"அதுக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருச்சு சார்" என்றாள்.